படித்த கல்லூரிக்கே குருவானவர்
33 ஆண்டு குஸ்தி வாழ்க்கை சொல்லும் பாடம்

படித்த கல்லூரிக்கே ஒருவர் குருவாகத் திரும்பி வந்தால், அதனால் கல்லூரிக்கு நன்மையா?

இதற்குப் பதில் தேட, அமெரிக்காவின் குஸ்தி ஆசான் ஜான் ஸ்மித்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

அங்கே ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்று ஒரு சிறு நகரம். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். குஸ்தியே அதன் பெருமை. 1928-ம் ஆண்டு முதல் 34 முறை அது தேசியப் பட்டம் பெற்றிருக்கிறது. வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இத்தனை பட்டம் பெற்றதில்லை.

மாணவர்

ஸ்மித் அங்கே மாணவராகச் சேர்ந்தார். 1985-ல் தேசிய இறுதிப் போட்டியில் தோற்றார். சோர்ந்துவிடவில்லை. 1987-லும் 1988-லும் வென்றார்.

எதிராளியின் கணுக்காலைத் தாழப் பாய்ந்து பிடித்துச் சாய்ப்பதில் அவர் கெட்டிக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் பெற்றார்.

சோதனை

1991-ல் பல்கலைக்கழகம் அவரிடம் பயிற்சிப் பொறுப்பைக் கொடுத்தது. நல்ல நேரத்தில் அல்ல! முன்பு நடந்த விதி மீறல்களுக்காகக் குஸ்தி அணி தண்டனைக்கு உள்ளாகியிருந்தது. 1993-ல் தேசியப் போட்டியில் கலந்துகொள்ளவே தடை.

ஸ்மித் ஓடிவிடவில்லை. மறு வருடமே, 1994-ல், அணி தேசியப் பட்டம் வென்றது! அந்த அணியில் அவருடைய தம்பி பாட் ஸ்மித்தும் இருந்தார். முதல் தரக் கல்லூரிக் குஸ்தியில் 4 முறை சாம்பியனான முதல் மாணவர் அந்தத் தம்பிதான்.

பிறகு 2003 முதல் 2006 வரை தொடர்ந்து 4 பட்டங்கள். கல்லூரிக் குஸ்தியில் 10 எடைப் பிரிவுகள் உண்டு. 2005-ல் அவற்றில் 5 பிரிவுகளில் ஸ்மித்தின் சீடர்களே வென்றார்கள்.

தேக்கம்

2006-க்குப் பிறகு ஸ்மித்துக்கு அணிப் பட்டம் கிடைக்கவில்லை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் முன்னே வந்துவிட்டது.

பென் ஸ்டேட்டின் குரு கேல் சாண்டர்சன். அவரும் முதலில் தாம் படித்த இடத்துக்கே திரும்பியவர்தான். அயோவா ஸ்டேட்டில் மாணவராக 159 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். 2006-ல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளரானார். மூன்றே ஆண்டுகளில் அதை விட்டுப் பென் ஸ்டேட்டுக்குப் போனார். 2011 முதல் 2025 வரை அவருடைய அணி 12 தேசியப் பட்டங்களை அள்ளியது.

ஒருவர் படித்த இடத்திலேயே நின்றார். மற்றவர் புது இடம் தேடிப் போனார்.

மாற்றம்

2024-ல் ஸ்மித் ஓய்வு பெற்றார். அந்த வருடம் அணிக்குக் கிடைத்தது 10-வது இடம். அடுத்து வந்தவர் யார்? பழைய மாணவர் அல்ல. சாண்டர்சனின் சீடரும், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருமான டேவிட் டெய்லர்! வேறு கல்லூரிகளில் இருந்த வீரர்களும் அவருடைய அணிக்கு வந்து சேர்ந்தார்கள். 2025-ல் அணி 3-வது இடத்துக்கு ஏறியது.

அப்படியானால் பழைய மாணவரை நம்பியது தவறா? தவறு இல்லை. 1991-ல் அந்த வீட்டுக்குக் கெட்ட பெயர். வெளியார் தயங்கக்கூடிய நேரம். அப்போது நின்று தாங்க, அந்த வீட்டுப் பிள்ளைதான் தேவைப்பட்டார். 2024-ல் வீட்டுக்குப் பெயர் இருந்தது. புது முறைதான் இல்லை. அதற்கு வெளியார் தேவைப்பட்டார்.

பாசம் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும். ஆனால் பாசத்துக்காகவே ஒரே வழியில் நடந்தால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சரி, குடும்பத் தொழிலுக்கும் சரி, இது பொருந்தும்.

33 ஆண்டுகள், கல்லூரிக்குக் கல்லூரி மோதிய பந்தயங்களில் 490 வெற்றிகள், 5 தேசியப் பட்டங்கள். இவற்றைத் தாம் படித்த இடத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்மித் விடைபெற்றார்.