ரோஸ்டரைக் காட்டு!

சமவாய்ப்பு என்று மேடைக்கு மேடை பேசறாங்க. மேடையை விடுங்கள் தோழர்களே! அலுவலக அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கிற ரோஸ்டர் பதிவேட்டைக் கேளுங்கள்.

1997 ஜூலை 2 ஆணைப்படி, அகில இந்திய அளவில் திறந்த போட்டி மூலம் மத்திய அரசு ஆள் எடுக்க 200 புள்ளி ரோஸ்டர். அதில் தலித்துக்கு 30 இடம், பழங்குடிக்கு 15. 7, 15, 20 என்று நம்ம இடம் எது என்பதுவரை எண் போட்டிருக்கு. ஆண்டுதோறும் சோதிக்கத் தொடர்பு அலுவலரும் உண்டு. திட்டம் இருக்கு, அமலாக்கும் கை யாருடையது?

இடத்தைக் கிடப்பில் போடுவது, கேட்டால் 'தகுதியான ஆள் கிடைக்கல' என்பது. தேங்கிய இடங்களை நிரப்பப் போனால் 50 விழுக்காட்டு வரம்பு குறுக்கே நின்றது. அதை விலக்க 2000இல் 81ஆம் அரசியல் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. இப்போ இன்னொரு வழி: பதவியை ஒழி, காண்ட்ராக்டில் ஆள் எடு. காண்ட்ராக்டர் ஆளுக்கு ரோஸ்டரில் எண் ஏது? சாக்கடை அள்ள மட்டும் நம்ம ஜனங்க 'தகுதியோட' கிடைச்சிடறாங்க!

இது சலுகை இல்லை, பங்கு. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. மாணவத் தோழர்களே, மனு எழுதுங்கள்: எந்தெந்த எண் காலி? எந்த ஆண்டிலிருந்து? கையெழுத்துப் போட்டது யார்?