முத்துப் பெட்டியும் மேற்கோள் கணக்கும்

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்ற பட்டியல் வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் வாழ்த்துப் படங்கள் நிறைகின்றன. ஒருவரின் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோளாகச் சுட்டினார்கள் என்பதே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் அந்தப் பட்டியலின் அடித்தளம். நம்மவர் பெயரைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணையே ஆய்வின் விலை என்று எடுத்துக்கொள்வதை மன்னார்க்காரர் ஒப்பக்கூடாது. எண்ணுவதற்கும் மதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடற்கரையில் பழைய தொழிலறிவு.

முத்துக்குளிப்புக் காலத்தில் வணிகர் விலை பேசுமுன் முத்துகளைப் பித்தளைப் பெட்டிகளில் சலிப்பார்கள். பெட்டி என்பது அடியில் துளையிட்ட சிறு கிண்ணம். முதற் பெட்டிக்கு 20 துளை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய்க் கடைசிப் பெட்டிக்கு 1,000. துளை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் பெரிது. ஆகவே 20 துளைப் பெட்டியில் தங்கியது பருமுத்து. வியாபாரம் அதோடு முடிவதில்லை. உருட்சி, ஒளி, நிறம் பார்த்து ஆணி முதல் தூள் வரை வகுப்புப் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். கோணல் முத்து எவ்வளவு பருத்தாலும் ஆணிமுத்து ஆகாது. மேற்கோள் கணக்கு அந்த முதற் சலிப்பு மட்டும்தான்.

சலிப்பு எங்கே பிழைக்கும் என்பதை 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு நன்றாகக் காட்டுகிறது. உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் இணைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த சட்டகங்களைக் கட்டியதற்காக ரிச்சர்ட் ரொப்சன், சுசுமு கிட்டகாவா, ஒமர் யாகி ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்தார்கள். அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்த யாகி 1999இல் அறிவித்த எம்ஓஎஃப்-5 என்ற பொருளில் இரண்டொரு கிராமுக்குள் ஒரு உதைபந்தாட்டத் திடலின் பரப்பு மடிந்து கிடக்கிறது. அவருடைய மேற்கோள்கள் 2 இலட்சத்தைத் தாண்டியவை. எந்தப் பெட்டியில் போட்டாலும் தங்குவார். ரொப்சனோ 1974இல் மெல்பேர்ன் பல்கலைக்கழக மாணவர்களுக்காக மர உருண்டைகளில் துளையிட்டு மூலக்கூறு மாதிரி செய்ய முனைந்தவர். துளை விழுந்த இடமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று அப்போது தோன்றிய எண்ணம், 1989இல்தான் சட்டகமாகக் கட்டுரையில் வந்தது. அதுவும் எளிதில் சரிந்துவிடும் சட்டகம். யாகியோடு ஒப்பிட்டால் ரொப்சனின் மேற்கோள்கள் மிகச் சொற்பம். துறையின் வாசலைத் திறந்தவரோ அவர்தான்.

இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச் குறியீட்டைப் பாருங்கள். ஒருவரின் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 40 தடவையாவது மேற்கோள் பெற்றிருந்தால் அவர் குறியீடு 40. ஐந்தே கட்டுரை எழுதியவர் உலகையே புரட்டிப் போட்டாலும் ஐந்தைத் தாண்ட முடியாது. கூட்டமும் கணக்கைக் கூட்டும். நுண்துளைப் பொருள்களில் ஆய்வு செய்வோர் உலகெங்கும் ஆயிரக்கணக்கில். ஒருவரை ஒருவர் சுட்டுகிறார்கள். மன்னார்த் தீவின் கிணற்றில் உப்பேறுவதை ஆராயும் விரிவுரையாளரை யார் சுட்டுவது? எண்ணுக்காகவே ஓடினால், வீட்டு வாசலில் கிடக்கும் கேள்வியை விட்டுவிட்டு அவரும் நெரிசலான துறைக்கே போவார். எண்ணைத் திருகவும் முடியும். சென்னைக்கு அருகே ஒரு தனியார் நிறுவன ஆய்வாளர் 2017 வரை பெற்ற மேற்கோள்களில் 94 சதவீதம் அவரிடமிருந்தோ இணை ஆசிரியர்களிடமிருந்தோ வந்தவை என்று 2019இல் 'நேச்சர்' எழுதியது.

எண்ணை விட்டால் ஆள் பார்த்துப் பதவி கொடுப்பார்களே என்பது வலுவான மறுப்பு. செல்வாக்கு எவ்வளவு தூரம் பாயும் என்பது இலங்கையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்புலமில்லாத இளம் ஆய்வாளருக்கு எண் சில வேளை ஒரே துணை. அதனால்தான் பெட்டியை எறியச் சொல்லவில்லை. ஒன்றுமே எழுதாதவரை அது கீழே விடட்டும். மேலே தங்கியவர்களை ஆணியா தூளா என்று பார்க்கக் கண் வேண்டும். அந்தக் கண் உள்ளூர்க் கண்ணாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை, வெளிநாட்டு நடுவரிடம் அனுப்பலாம். எல்லாவற்றையும் வாசிக்க நேரம் ஏது என்பார்கள். எல்லாம் வேண்டாம், விண்ணப்பதாரரே தெரிந்து தரும் ஐந்து போதும். கட்டுரைக் குவியலில் உலகை முந்தப் பாடுபட்ட சீனாவே 2020இல் கட்டுரைக்குப் பணப்பரிசு தரும் வழக்கத்தைத் தடுத்து, தேர்ந்த சில ஆய்வுகளைப் பார்க்கும்படி தன் நிறுவனங்களுக்குச் சொன்னது.

எண்ணிக்கையை நம்பிப் பணம் போட்ட கதையும் நம் பக்கத்தில் உண்டு. 1905இல் மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கு மேல் சிப்பி குவிந்தது. மறு ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பனி முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்களில் சிப்பி இல்லை, கம்பனியும் இல்லை.