கோயில் நுழைவும் பெரும்பான்மையின் சம்மதமும்

"சாமி கும்பிடவா இவ்வளவு சண்டை? அந்தக் கோயிலே வேண்டாம் என்று வந்துவிட வேண்டியதுதானே?" நம் தோழர்களே இப்படிக் கேட்கிறார்கள். துணைக்கு அம்பேத்கரை வேறு இழுக்கிறார்கள். மதமே மாறியவர், கோயில் நுழைவைப் பற்றி அவருக்கென்ன கவலை என்கிறார்கள்.

அம்பேத்கர் மதத்தைப் பூசையறைக்குள் அடங்கும் தனிநபர் விசயமாகப் பார்த்ததே இல்லை. யார் யாரோடு உட்காரலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று ஊரில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அது. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சாத்திரங்களின் புனிதத்தை உடைக்கச் சொன்னது அதனால்தான். மதமே வேண்டாம் என்று அதில் அவர் சொல்லவில்லை. விதிகளின் மதம் போகட்டும், கோட்பாடுகளின் மதம் வரட்டும் என்றார்.

1933இல் ரங்க அய்யரின் கோயில் நுழைவு மசோதா வந்தது. காந்தி ஆதரித்தார், அம்பேத்கர் மறுத்தார். கோயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதை வட்டார வாக்காளர்களில் பெரும்பான்மையோர் முடிவு செய்வார்களாம்! தீண்டாமை பாவம் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. கோயில் நுழைவுதான் முடிவா, அல்லது சாதியும் வருணமும் ஒழிவதற்கான முதல் படியா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மதுரைக்கு வருவோம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றதை வருடா வருடம் கொண்டாடுகிறோம். நுழைந்தவர்களின் துணிவு பெரிது. ஆனால் 'அழைத்துச் சென்றார்' என்ற வினைச்சொல் எனக்கு உறுத்துகிறது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் நுழைவை உரிமையாக்கியது. தடுப்பது குற்றம். 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவும் வந்துவிட்டது. அப்புறமும் உத்தபுரத்தில் என்ன நடந்தது? தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6இல் இடிக்கப்பட்டது. முத்தாலம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போனது 2011 நவம்பரில், இரு தரப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு.

ஒப்பந்தம் எதற்கு? சட்டம் கொடுத்த உரிமைக்கு ஆதிக்க சாதியின் கையெழுத்து எதற்கு? தாலுகா அலுவலகங்களில் நடக்கும் 'அமைதிப் பேச்சுவார்த்தை' ஒவ்வொன்றும் அம்பேத்கர் நிராகரித்த அதே மசோதாதான், வேறு பெயரில்.

"வெளியேறிவிடு" என்பவர்களுக்கும் ஒன்று. வெளியேறுவதும் இந்த நாட்டில் தனிநபர் விசயமில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவராகவோ இசுலாமியராகவோ மாறினால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியவர்களின் வழியில் போனவர்களுக்கே அது 1990இல்தான் கிடைத்தது. போகிறவர் போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் பூட்டிய கதவை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நான் சாமி கும்பிடுவதில்லை. ஆனாலும் அப்படியொரு பேச்சுவார்த்தையில் எங்கள் மக்களோடு உட்கார்ந்திருந்தேன். "அவங்களும் சம்மதிக்கணும்ல, கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்றார் அதிகாரி. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டிருக்கிறது, எழுதிக் கொடுங்கள் சார் என்றோம். பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொல்லச் சொன்னார்.