துருத்தி பூண்ட சிறு எஞ்சின்

வேலணை வங்களாவடிச் சந்தியிற் சிறிது நேரம் நின்று வீதியை நோக்குவோர்க்கு, இன்று ஓடும் கார்களுட் பல ஜப்பானியச் சிறு வண்டிகளே என்பது புலனாகும். சுசுக்கி நிறுவனத்தாரின் வகன் ஆர், எவ்ரி என்பன அவற்றுள் முன்னிற்பன. இவற்றின் எஞ்சினது கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. ஒரு லீற்றர்ப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு எனக் கொள்க. இவற்றுட் சில வண்டிகள் 'டர்போ' என்னும் உறுப்பையும் பூண்டு வருகின்றன. வாங்க நினைக்கும் வீட்டார் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தச் சின்ன எஞ்சின் தாங்குமா?"

கேள்வி வீணானதன்று. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்கட்கு மீண்டும் வழி திறந்தது. இடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அச் சிறு எஞ்சினிலே தங்கியிருக்கின்றது.

டர்போ என்பது யாது? கொல்லன் பட்டறைத் துருத்தியை மாணவர்கள் கண்டிருப்பர். காற்றை மிகுதியாக ஊதினால் உலை மிகுதியாக எரியும். மோட்டார் எஞ்சினிலும் அவ்வாறே. காற்றை அழுத்திச் செலுத்தினால் அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டி எரிக்கலாம். இத் துருத்தியை இயக்குவது வீணே வெளியேறும் புகைதான். புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகின்றது. அழுத்திய காற்று சூடேறுமாதலால், அதனைக் குளிர்விக்க ஒரு தட்டும் உண்டு. இம்முறைக்கு 1905 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் அல்பிரட் பூக்கி என்னும் சுவிற்சர்லாந்து எஞ்சினியர்.

சுசுக்கியின் 'ஆர் 06 ஏ' எஞ்சின் 2011 இல் வெளிவந்தது. மூன்று சிலிண்டர்கள், 658 கன சென்ரிமீற்றர். டர்போ இல்லாத வகை ஏறத்தாழ 52 குதிரைவலுவும், டர்போ உள்ள வகை 64 குதிரைவலுவும் தருவன. வித்தியாசம் பன்னிரண்டுதானே என்று தோன்றும். ஜப்பானிய நிறுவனத்தார் இவ்வகைச் சிறு வண்டிகட்கு 64 என்று தமக்குள் எல்லை வகுத்துக் கொண்டமையே அதற்குக் காரணம். உண்மையான வேறுபாடு முறுக்கு விசையில் உள்ளது: முன்னையது சுமார் 63 நியூட்டன் மீற்றர், பின்னையது 95, அதுவும் நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே கிட்டுகின்றது. நான்கு பேரை ஏற்றி, குளிரூட்டியையும் இயக்கி, கடற்காற்றை எதிர்த்துத் தாம்போதியில் ஓடும்போது இதன் அருமை விளங்கும். நம் தந்தையர் போற்றிய மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தந்தது 37 குதிரைவலுவே.

ஆயினும் அந்த மொறிஸ் மைனருக்கு இருந்த ஒரு குணம் இதற்கு இல்லை, அதுதான் பொறுமை. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற் பெற்றோல் அருந்தலாயிற்று. தீவுப் பகுதியினர் பலர் இடம்பெயர்ந்து அங்கே வாழ்ந்த காலம் அது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை வீதியை மறைக்கும்; எனினும் வண்டி ஓடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அழுத்தம் குறைந்த, மெதுவாகச் சுழலும் பழைய எஞ்சின் இக் கொடுமையையும் பொறுத்தது.

இதே கேடு இன்றும் மெல்ல நிகழ்கின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதற்குப் பெற்றோல் மிகுதியாக ஊட்டப்படும். அதில் ஒரு பகுதி ஒயிலோடு கலக்கும். ஒயில் நன்கு சூடேறினால் அது ஆவியாகி நீங்கிவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கும் பாடசாலைக்கும் ஈரிரு மைல் ஓடி நிற்கும் வண்டியிலோ ஒயில் சூடேற நேரமில்லை. "நம் வெயிலுக்கு எஞ்சின் உடனே சூடாகுமே" எனலாம். ரேடியேட்டர் நீர் சூடாவது வேறு, ஒயில் சூடாவது வேறு; பின்னையது மிகத் தாமதமாகவே நிகழும். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றையும் எட்ட வல்லது. அது மிதப்பது ஒயிலின் மெல்லிய படலத்தின்மீது. அப்படலம் நீர்த்தால் தண்டு தேயும், சக்கரம் உரசும், நீலப் புகை வரும். சுசுக்கி டர்போ வண்டிகட்கு ஜப்பானில் விதித்த கணக்கு 5000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். குறுந்தூர ஓட்டம், புழுதி வீதி போன்ற கடுமையான நிலையில் அதிற் பாதி. தீவில் ஓடும் வண்டிக்கு நாட்காட்டியே கணக்கு; தூரமானியை நம்பி இருப்பது தவறு.

பராமரிப்பை மறந்தாற் கெடுவது புதிய கதையன்று. 1962 இல் அமெரிக்காவில் வெளியான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர், டர்போ பூட்டி விற்பனைக்கு வந்த முதற் கார்களுள் ஒன்று. எஞ்சின் தட்டாதிருக்க அதற்கென ஒரு தனித் திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். சொந்தக்காரர் பலர் நிரப்ப மறந்தனர். 1963 உடன் அவ்வகை நின்றது.

அமைப்பிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆர் 06 ஏ எஞ்சினில் வால்வுகளை இயக்குவது இரும்புச் சங்கிலி. ஆயிரத்துக்கு உட்பட்ட வேறு சில டர்போ எஞ்சின்களில் ஒயிலில் தோய்ந்தோடும் பட்டி உண்டு. ஹொண்டா சிவிக்கின் 988 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அத்தகையது. போர்டின் 'ஈகோபூஸ்ட்' எஞ்சினில் ஒயில் பம்பை இயக்கும் பட்டியின் இறுக்கி பழுதுபட்டு ஒயில் அழுத்தம் அற்றுப்போகலாம் என்று, 2023 இல் அமெரிக்காவில் வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. அவற்றுள் ஈகோஸ்போட் கார்கள் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் இயற்றப்பட்டவை. பட்டியுடைய வண்டியை வாங்குவோர் ஒயிலின் வகையிலும் தவணையிலும் இரட்டிப்புக் கண்டிப்போடிருத்தல் வேண்டும்.

பெற்றோல் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. ஜப்பானின் சாதாரண பெற்றோல் குறைந்தது 89 ஒக்ரேன்; சுசுக்கியின் சிறு டர்போ அதற்கே அமைந்தது. இங்கு விற்கும் 92 போதும்.

வாங்குமுன் செய்யத்தக்கது: வண்டியை இரவு முழுதும் நிற்கவிட்டு, விடியலில் முதன்முறை இயக்குகையில் அருகே நிற்க. நீலப் புகை வருகின்றதா எனக் காண்க. ஒயில் அளவுக்கோலை இழுத்து மணந்து பார்க்க. பெற்றோல் நாற்றம் தூக்கலாயிருந்தாலோ, அளவு மேற்கோட்டைக் கடந்திருந்தாலோ ஐயம் கொள்க. மூடியைத் திறந்து உள்ளே கரும்பசை படிந்துள்ளதா என நோக்குக. வண்டியின் அடியிலும் குனிந்து பார்க்க. உப்புக்காற்றிற் புகைக்குழாயின் நட்டுகள் துருவேறி இறுகியிருந்தால், பிற்காலத்தில் டர்போவைக் கழற்றும் கூலி ஏறும். விற்பவரிடம் ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேட்க.