பித்தளைக் கோதுக்கும் ஓர் ஆயுள் உண்டு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை, கிழக்கே இருப்பது எழுவான்கரை. சூரியன் படுகின்ற பக்கம், எழுகின்ற பக்கம் என்று எங்கள் முன்னோர் வைத்த பெயர்கள் இவை. படுவான்கரையின் வாழ்வு வேளாண்மையிலும் மாட்டிலும் தங்கியிருக்கிறது. கதிர் முற்றும் காலத்தில் பன்றியும் யானையும் வயலுக்கு வரும். வெல்லாவெளி, வவுணதீவு, உன்னிச்சைப் பக்கத்து விவசாயிகளுக்கு இரவு என்பது உறங்குவதற்கான நேரமன்று. அவர்களுள் சிலரிடம் உரிமம் பெற்ற துவக்கு உண்டு. துவக்கு இருந்தால் தோட்டா வேண்டும். தோட்டாவுக்கு விலை உண்டு, அனுமதி உண்டு, அலைச்சல் உண்டு. ஆகவே, சுட்டு முடித்த வெற்றுக் கோதையே மறுபடி நிரப்பிச் சுடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இதை எழுதினால் இரண்டு தரப்பினர் கோபித்துக்கொள்வார்கள். சட்டத்தை மீறுவோரைப் பற்றி ஏன் பரிவோடு எழுதுகிறாய் என்று ஒரு தரப்பு கேட்கும். ஏழை விவசாயியின் கைத்திறனை ஏன் காட்டிக்கொடுக்கிறாய் என்று மறு தரப்பு கேட்கும். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கோதைப் பற்றிச் சில வார்த்தைகள். தோட்டாக் கோதுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெடிக்கும் கணத்தில் கோது விரிந்து துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எரிவாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கி, அறையை விட்டு எளிதாக வெளியே வரவும் வேண்டும். இரும்பு இப்படி எளிதில் வளைந்து கொடுக்காது. ஈயமோ விரிந்தால் திரும்பாது. பித்தளை இரண்டையும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் அது சிறிது இறுகுகிறது. இறுகிய உலோகம் ஒரு நாள் வெடிக்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதைதான்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர் சிலர் அங்குள்ள சுடும் கழகங்களில் உறுப்பினராக இருக்கிறார்கள். றிவோல்வர் கோதுகளைச் சேர்த்து வீட்டிலேயே நிரப்பும் வழக்கம் அங்கே சட்டபூர்வமான பொழுதுபோக்கு. "அங்கே செய்வதைத்தானே இங்கேயும் செய்கிறார்கள், இதில் என்ன தவறு?" என்று ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது என்றேன்.

அங்கே ஒருவர் கோதைத் தேர்வு செய்யும் விதத்தைப் பாருங்கள். முதலில் அடிப்பக்கத்து எழுத்தைப் படிப்பார். .38 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய கோதுகள் எல்லாம் ஒன்றல்ல. பழைய பிரித்தானியப் படைத் துவக்குகளுக்குரிய .38 வேறு, அமெரிக்கரின் '.38 ஸ்பெஷல்' வேறு. முன்னது குட்டை, சற்றுப் பருமன். 1935 இல் வந்த '.357 மெக்னம்' என்பதோ ஸ்பெஷலை விட ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்களவு நீளம். அந்தச் சிறு நீளத்தை வேண்டுமென்றே கூட்டினார்கள். ஏனென்றால் அதன் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய துவக்கில் தவறியும் அது நுழையக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு.

அடுத்து, கேப்பு இருக்கும் இடத்தைப் பார்ப்பார். கோதின் உள்ளே நடுவில் ஒரேயொரு துளை இருந்தால் அது பொக்ஸர் முறை. பழைய கேப்பை ஊசியால் தள்ளிவிட்டுப் புதியது வைக்கலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டன் முறை. அதை அப்படித் தள்ள முடியாது. பொக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டன் ஓர் அமெரிக்கர். ஆனால் ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது. வரலாற்றின் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

அதன்பின் வாய்ப்பக்கத்தில் நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். கேப்பு தளர்வாக அமர்ந்தால் அந்தக் கோதை ஒதுக்குவார். ஐந்தாறு கோதுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிக் காது கொடுப்பார். நல்ல கோது கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய எங்கள் பாட்டிமாருக்கு இந்த வித்தையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் பிறகு, ஐயம் எழுந்த கோதைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுவார். கையில் தராசு, முன்னால் தயாரிப்பாளர் அச்சிட்ட அளவு அட்டவணை, அலுமாரியில் வகை தெரிந்த மருந்து, புதிய கேப்பு, யாவும் இருக்கும். ஒவ்வொரு கோதும் எத்தனை முறை சுடப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும்.

எங்கள் வயல் வாடியில் இவற்றுள் எது இருக்கிறது? கோது ஒன்றுதான் இருக்கிறது. மருந்து எங்கிருந்து வந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. அளவு கைக்கணக்கு. கேப்புக்குப் பதிலாக என்னென்னவோ. வேட்டைத் துவக்கின் அழுத்தம் றிவோல்வரின் அழுத்தத்தை விடக் குறைவுதான். அதனால்தான் பல பேர் பல காலம் தப்பியிருக்கிறார்கள். தப்பாதவர்களும் உண்டு. படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நான் சந்தித்த பெரியவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. போரில் போனதா என்று கேட்டேன். "இல்ல மகன், பண்டிக்கு வெச்சது எனக்கே வெடிச்சிற்று" என்றார். போரில் காயப்பட்டோருக்கு ஏதேனும் ஒரு பட்டியலில் இடம் கிடைக்கிறது. இவருடைய விரல்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதைக் குறித்து எவரும் விவசாயிக்குச் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படை ஒரு புதிரைக் கண்டது. மழைக்காலத்தில் களஞ்சியத்தில் வைத்திருந்த தோட்டாக் கோதுகள், எவரும் தொடாமலே கீறல் விட்டன. பல இடங்களில் அந்தக் களஞ்சியங்கள் குதிரை லாயங்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா வாயு, ஈரக் காற்று, பித்தளையினுள் ஏற்கெனவே இருந்த இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. விஞ்ஞானிகள் இதற்கு முழு விளக்கம் தந்தது 1921 இல். இப்போது எங்கள் வாடிகளை நினைத்துப் பாருங்கள். வாவிக் காற்றின் ஈரம், பக்கத்தில் மாட்டுப் பட்டி, மூலையில் யூரியா மூடை. யூரியா நனைந்து சிதைந்தாலும் அமோனியாதான். குதிரை லாயத்துக்கு இது எந்த வகையில் குறைந்தது? புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கைப் போலக் கோதும் பளபளக்கும். ஆனால் பளபளப்பு வேறு, பலம் வேறு. உள்ளே ஓடிய கீறலைப் புளி மூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு உரிமம் கேட்கிறது. 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் மருந்தை வைத்திருக்கவும் தயாரிக்கவும் அனுமதி கேட்கிறது. இரண்டும் தேவையான சட்டங்கள்தாம். ஆனால் துவக்குக்கு அனுமதி தந்துவிட்டுத் தோட்டாவை எட்டாத உயரத்தில் வைக்கும் அரசு, விவசாயியை வாடியின் இருட்டுக்குள் அனுப்புகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தோட்டா கிடைக்காதபோது இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் 'ஹக்க பட்டாஸ்' எனும் வாய்வெடியும் வருகின்றன. வாய்வெடியைப் பன்றிக்கு வைப்பதாகச் சொல்கிறார்கள். தாடை சிதைந்து, பசித்து, நாட்கணக்கில் துடித்துச் சாவது யானைக் கன்று.

அரசின் அச்சத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். 2024 இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கிய சுடுகலன்களை மீள ஒப்படைக்கும்படி கேட்டபோது அதற்குப் பின்னால் இருந்த கவலை பொய்யன்று. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் இது. வெடிமருந்து என்ற சொல்லே இங்கே இலேசானதன்று. ஆனால் அச்சம் ஒரு கொள்கையாகிவிட முடியாது. 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். உடனடியாகக் கைதானவர் ஒரு முன்னாள் போராளி. மாதக்கணக்காக அவர் உள்ளே இருந்தார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரே, அது அதே தாக்குதலை நடத்திய குழுவின் வேலை என்பது தெரியவந்தது. சாட்சியப் பொருள் பேசுவதற்கு முன் பழைய சந்தேகம் பேசியது. அதற்கான விலையை ஓர் அப்பாவியும், பின்னர் முழு நாடும் கொடுத்தார்கள்.

சாட்சியப் பொருள் என்றேன். வெற்றுக் கோது அதிலும் ஒன்று. சுடும் ஊசி கேப்பின் மேல் பதிக்கும் குழி ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தன்மை கொண்டது. அடியிலுள்ள எழுத்து, அது எந்த நாட்டில் எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது என்பதைப் பல வேளைகளில் சொல்லும். றிவோல்வர் தன் கோதை உருளைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சுட்டவன் கொட்டினால் ஒழிய அது நிலத்தில் விழாது. தானியங்கித் துவக்குகள் அப்படியல்ல. சுடச் சுட வெளியே எறியும். 1987 இலும் 1991 இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், அதே ஆண்டு செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் மக்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஒரே தரப்பினர் அல்லர். இந்த மண்ணில் விழுந்த கோதுகளில் எத்தனை உறையிலிட்டு நீதிமன்றத்துக்குப் போயின, எத்தனை பழைய இரும்புக்காரரின் சாக்கில் நிறைக்குப் போயின என்று கேட்க எங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. உருக்கிய பித்தளைக்கு நினைவு இல்லை.

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி நீங்கியதென்று 2017 இல் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. ஆனால் ஏர் உழும்போது தனித்து வரும் ரவை எந்த அறிவிப்பையும் படித்ததில்லை. அது வெற்றுக் கோதா, வெடிக்காத ரவையா என்று சிறுவனுக்குத் தெரியாது. அதை எடுக்க வேண்டாம், தட்ட வேண்டாம், நெருப்பில் போட வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். அதிலும் மனித எலும்புகளோடு சேர்ந்து கிடைக்கும் கோது ஒன்றைத் தொடும் உரிமை நீதவானின் கட்டளையோடு வருபவருக்கு மட்டுமே உண்டு.

விவசாயிக்கு என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றவருக்கு, மாவட்டச் செயலகத்தின் ஊடாக, ஒவ்வொரு போகத்துக்கும் ஓர் எண்ணிக்கைத் தோட்டாவை நியாய விலையில் கொடுங்கள். அடுத்த போகத்தில் வெற்றுக் கோதைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்று விதி வையுங்கள். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று அரசுக்குக் கணக்கு இருக்கும். விவசாயியின் கையில் பழைய கோது தங்காது. அதிகத் தோட்டா யானையின் உடலில் போய்த் தங்கும் என்று வனவிலங்கு ஆர்வலர் சொல்வார்கள். நியாயமான கவலை. அதற்குத்தான் கணக்கு. யானைக்கு மின்வேலியும் யானை வெடியும் வேலி காக்கும் ஆட்களும் வேண்டும். துவக்கு யானைக்கு விடை அல்ல என்பதை வயலில் நிற்பவர்கள் எங்களை விட நன்றாக அறிவார்கள்.

அது நடக்கும் வரை, வாடியில் கோது வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. பித்தளைக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்ததா இல்லையா என்று சொல்ல உங்களிடம் கருவி இல்லை; உங்கள் கையையும் கண்ணையும் தவிர. அவற்றைக் கொண்டு சோதிக்காதீர்கள். ஒரு போகத்துப் பன்றி தின்ற நெல்லை அடுத்த போகத்தில் விளைவிக்கலாம்.