மனமாற்றத்தை எண்ணால் அளக்கலாமா?

காய்ச்சல் தணிந்ததா என்பதை வெப்பமானி காட்டிவிடும். மனச்சோர்வு தணிந்ததா என்பதை எப்படி அறிவது? அதற்கென இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே, உளவியல் சிகிச்சைக்கு வருபவரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, அவரையே பதில் எழுதச் சொல்கிறார்கள்.

அத்தகைய வினாத்தாள்களில் புகழ்பெற்றது 2001ஆம் ஆண்டு வெளியான 'பி.எச்.கியூ-9'. இதில் 9 கேள்விகள் உள்ளன. கடந்த 2 வாரங்களில் தூக்கமின்மை, களைப்பு, ஆர்வமின்மை போன்றவை எவ்வளவு அடிக்கடி வாட்டின என்று அவை கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 27. புள்ளி கூடினால் சோர்வு கடுமை என்று பொருள். இதன் மலாய் வடிவமும் மலேசியாவில் பயன்படுகிறது.

"தன்னைப் பற்றித் தானே சொல்வது அறிவியலாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும் என்பதே என் கருத்து. ஒருவரின் மனவேதனை அவருக்குத்தான் நேரடியாகத் தெரியும். ஒரே கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்பதால் பதில்களை ஒப்பிட முடிகிறது. சிகிச்சையாளர் தம் கணிப்பை மட்டும் நம்பினால், நிலை மோசமாகி வருபவர்களைக் கவனிக்காமல் விடக்கூடும் என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஆனால், எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டும். 10 புள்ளிக்குக் கீழே வந்தவரைத் 'தேறியவர்' என்று கொள்வோம். ஒருவர் 24இலிருந்து 14க்கு இறங்குகிறார். இன்னொருவர் 10இலிருந்து 9க்கு இறங்குகிறார். கணக்குப்படி இரண்டாமவரே தேறியவர்! ஆனால், 1 புள்ளி வேறுபாடு அளவீட்டின் சாதாரணத் தடுமாற்றமாகவே இருக்கலாம். ஜேக்கப்சன், டிருவாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1991இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மாற்றம் அளவீட்டுப் பிழையைவிடப் பெரியதா, அவர் நலமானவர்களின் நிலைக்கு வந்துவிட்டாரா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் மாறும்போது அவர் தம்மை அளக்கும் அளவுகோலும் மாறலாம். வருத்தத்தை அடக்கியே பழகியவர், சிகிச்சையில் அதை உணரக் கற்றுக்கொண்டால் அவருடைய புள்ளி கூடக்கூடும். அதைத் தோல்வி என்று உடனே முடிவு செய்யலாமா? மேலும், மிக மோசமான நிலையில்தான் பலர் உதவி நாடுகிறார்கள். சிகிச்சை இல்லாமலேயே சிலர் ஓரளவு தேறுவார்கள். ஆகவே, சிகிச்சை பெறாத குழுவோடு ஒப்பிடாமல் பலனைச் சொல்ல முடியாது.

வினாத்தாள் வேண்டும், அதோடு பேச்சும் வேண்டும். "புள்ளி 5 குறைந்திருக்கிறது, உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?" என்று சிகிச்சையாளர் கேட்கும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.

மாணவர்களே, ஒருநாள் உங்களிடமும் இப்படியொரு தாள் வரலாம். அது தேர்வு அல்ல. நல்ல புள்ளி வாங்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தாள் கேட்காத ஏதேனும் மனத்தை அழுத்தினால், அதையும் ஆலோசக ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.