முகம் பார்க்கும் கருவி மருந்தாகுமா?

இந்த ஆண்டு மலருக்காக எங்கள் வகுப்பினர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்ட நாளில் ஒரு தோழி மட்டும் வரவில்லை. உடல்நலம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். உண்மைக் காரணம் அதுவன்று. சிறு வயதில் வெடி விபத்தில் பட்ட தீக்காயத்தின் தழும்பு அவர் கன்னத்திலும் கழுத்திலும் இருக்கிறது. படம் எடுத்த நண்பர் அன்று மாலையே அதை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லா முகங்களும் பளபளத்தன. கறுத்த முகங்கள் வெளுத்திருந்தன, பருக்கள் மறைந்திருந்தன. "கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன்" என்றார் நண்பர். அந்தச் சொல் என்னை உறுத்திற்று. சரிசெய்யும்படி நம் முகங்களில் என்ன தவறு இருந்தது?

முகத்தை மெருகிட்டுக் காட்டும் தொழில் நமக்குப் புதிதன்று. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமா சிவகாசி பெயர் பெற்றது? நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களை அச்சிட்டு அனுப்பும் ஊரும் அதுதான். அந்தக் காலண்டர்களில் சிரிக்கும் முகங்கள் ரோஜா நிறம். அவற்றை அடுக்கிக் கட்டும் கைகள் கரிசல் நிறம். 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை விடுவதற்கு 2020ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. சிவப்பே அழகு என்ற எண்ணத்தை எதிர்த்து, சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இலேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியிருந்தது.

சுவரிலே தொங்கிய காலண்டர் பிறர் முகத்தைத்தான் காட்டிற்று. கைப்பேசியோ நம் முகத்தையே மாற்றி நமக்குக் காட்டுகிறது. தோற்றக் கவலை உள்ள பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு அந்தக் கவலையை இன்ஸ்டாகிராம் மேலும் கூட்டுகிறது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வே கண்டிருந்ததை 2021இல் ஓர் அமெரிக்க நாளேடு வெளியிட்டது. நோயைக் கூட்டும் கருவியே மருந்தாக முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதே என் துணிபு. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். ஆனால் அது நம் மொழியில் பேச வேண்டும். மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இது வெறும் ஆசையன்று. பிறர் கண்ணுக்குப் படாத சிறு குறையையே நாள் முழுதும் எண்ணி வாடும் நோய் ஒன்றுண்டு. அந்நோயுற்ற 80 பேரைக் கொண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினர் ஓர் ஆய்வு நடத்தி 2022இல் வெளியிட்டனர். ஒரு பாதியினர் 12 வாரம் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே பயிற்சி பெற்றனர், மறுபாதியினர் காத்திருந்தனர். பயிற்சி பெற்றவர்களின் துன்பம் வெகுவாகக் குறைந்தது. அவர்களுக்குச் செய்தி அனுப்பி ஊக்கம் தந்து உடன் நின்றவர்கள் பெரிய மருத்துவர்கள் அல்லர். இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள்! நம்மைப் போன்றவர்கள் என்று சொன்னால் தவறாகுமா? இந்தோனேசியாவிலோ 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஆறு சிறு காணொலிகளைக் கைப்பேசி வழியே அனுப்பிப் பயன் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் பகுதியின் நிலை தனியானது. பருவும் நிறமும் பற்றிய கவலை எல்லா ஊரிலும் உண்டு. தீயின் தழும்பு நமக்கு நெருக்கமானது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இறந்தவர் எத்தனை பேர் என்று செய்தித்தாள் எண்ணிச் சொல்கிறது. பிழைத்தவர் எந்த முகத்துடன் வீடு திரும்பினார், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போகாமல் நின்றார் என்று யார் எழுதுகிறார்கள்? அவருடைய தழும்பு கற்பனையன்று. "உன் குறை உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று அவரிடம் சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது வேறு உதவி.

அந்த உதவி எதுவென்பதை ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயரின் வாழ்வில் காணலாம். 1970இல், நம் வயதில், 18 வயதில், வாகனம் தீப்பற்றி அவர் முகம் வெந்தது. பல அறுவை மருத்துவங்களுக்குப் பின் அவர் உணர்ந்தது, மருத்துவர் செய்வது ஒரு பாதிதான் என்பது. உற்றுப் பார்க்கும் கண்களையும் கேள்விகளையும் எதிர்கொள்ளக் கற்பது மறுபாதி. அதைக் கற்பிக்கவே 1992இல் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்னும் அமைப்பை நிறுவினார். 2020இல் மறையும்வரை அப்பணியை அவர் விடவில்லை.

எங்கள் தோழியும் இதையேதான் சொன்னார். (அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன்.) "படத்துக்கு நிற்கப் பயமில்லை. பார்த்துவிட்டு யாராவது ‘மூஞ்சியில என்னம்மா ஆச்சு?’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாளுக்கே திரும்பப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது." பஸ்ஸிலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் நம் ஊரார் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்பு எத்தனை சுடுகிறது என்பதை நாம் அறிவதில்லை. "சின்ன வயசில் தீக்காயம் பட்டது, இப்போது நல்லாயிருக்கேன்" என்று ஒரே வரியில் சொல்லிப் பேச்சை மாற்றும் பழக்கத்தை, யாரும் பார்க்காத இடத்தில், கைப்பேசியில் கேட்டுக் கேட்டுப் பயிலலாம் அல்லவா?

தடைகளும் இருக்கின்றன. பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான்; அதுவும் அண்ணன் கையில். முகப்படத்தைக் கேட்டு வாங்கும் செயலியை நம்பித் தரவும் முடியாது. ஆதலின் படம் கேட்காத, கேட்டபின் அழித்துவிடக்கூடிய, குரலால் பேசும் முறையே நமக்கு ஏற்றது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். இதைத் தெரிந்துகொண்டு அடுத்தவருக்குச் சொல்வதே ஒரு தொண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விபத்தே நேராத தொழிற்கூடமும், வெந்த தோலைச் சீராக்கும் மருத்துவமுமே முதற்கடன். கைப்பேசியில் ஆறுதல் கிடைக்கிறதே என்று அக்கடனைத் தட்டிக் கழிக்க யாருக்கும் உரிமையில்லை.

நம் கல்லூரி என்ன செய்யலாம்? மனநல ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில், மாணவர்களே நம் வட்டாரத் தமிழில் இரண்டிரண்டு நிமிடக் குரல் பதிவுகள் செய்யலாம். தழும்புள்ளோர் என்ன கேட்க விரும்புகிறார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். விரும்புவோர்க்கு அவற்றை அனுப்பி, உடன் பேசப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர் சிலர் பொறுப்பேற்கலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழேயே இதைச் செய்யலாம்.

அதற்கு முன் மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பின் படத்தில் திருத்தாத படத்தையே அச்சிடுங்கள். கறுப்பாகவும் பருவோடும் வெயிலில் கண் கூசியும் நாங்கள் எப்படி நின்றோமோ அப்படியே இருக்கட்டும். அதைப் பார்த்தபின், அடுத்த ஆண்டுப் படத்துக்கு நிற்கலாமா என்பதை எங்கள் தோழி முடிவு செய்துகொள்வார்.